முன் கதவில் யாரும் ஏறாத பஸ்

அந்த பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஓட்டுநர் ஒருவர்தான். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் மாதாந்திர பாஸ் இருந்ததால் டிக்கெட் கிழிக்கவும் ஆள் தேவைப்படவில்லை. பாஸைத் தூக்கிக் காட்டினால் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டுவார், அத்தோடு சரி. ஆனால் கண்டக்டர் இல்லாத அந்த பஸ்ஸில் ஒரு கண்டக்டரம்மா இருந்தாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. அவளாகவே பதவி ஏற்றுக்கொண்டாள்.

அவளுடைய உண்மையான உத்தியோகம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் வருவதை இழுத்து, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க அப்படி அடுக்கிப் பழகிய கைக்கு, சாயங்காலம் பஸ்ஸில் மனிதர்கள் கோணல்மாணலாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது. ஏறின கையோடு ஆரம்பித்துவிடுவாள்.

"தம்பி, அந்தப் பையை மடியில வெச்சுக்கோ. பைக்குக் கால் வலிக்காது."

"நர்ஸு, நீ நாள் பூரா நின்னவ, இப்படி வந்து உக்காரு. வாத்தியாரே, நீங்க வேலை பார்த்த காலமெல்லாம் உக்காந்தே பார்த்தவர். கொஞ்சம் எழுந்திரிங்க."

ஓய்வு பெற்றுவிட்ட வாத்தியார், தான் ஒரு நாளும் உட்கார்ந்து பாடம் நடத்தியதில்லை என்று முணுமுணுத்தபடியே எழுந்து இடம் கொடுப்பார். கொடுக்காமல் தப்பிக்க முடியாது. இப்படி ஊரையே உட்கார வைத்த கண்டக்டரம்மா மட்டும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பின் கதவுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க நின்றபடியே வருவாள். உட்கார்ந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாதாம்.

அவள் போட்ட சட்டங்களில் பெரிய சட்டம் கதவைப் பற்றியது. முன் கதவு வயதானவர்களுக்கும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், கோல் ஊன்றி நடப்பவர்களுக்கும் மட்டும். மற்றவர்கள் எல்லோரும் பின் கதவில்தான் ஏற வேண்டும். முதலில் சிலர் சிரித்தார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள். பிறகு பழகிவிட்டது, அவள் வராத காலை பஸ்ஸில்கூட. விவரம் தெரியாத புது ஆள் எவனாவது முன் படியில் கால் வைத்தால், பஸ்ஸே ஒரே குரலில் "பின்னாடி, பின்னாடி" என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது. அந்தப் பக்கத்து வயதானவர்கள் பாதிப்பேர் சாயங்காலத்தில் வெளியே தலைகாட்டுவதே இல்லை என்பது வேறு விஷயம். வாத்தியாரோ தனக்கு இன்னும் அந்த வயதாகவில்லை என்று பின் கதவிலேயே ஏறுவார். பெரும்பாலான நாட்களில் முன் கதவு சும்மா திறக்கும், சும்மா மூடும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு நாள் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கண்ணாடித் தடுப்பில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வாத்தியார் படித்துச் சொல்ல வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆனால் நெரிசலில் அவரால் கையை அசைக்க முடியவில்லை. நர்ஸ்தான் அவருடைய சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். இந்தத் தடத்தில் பயணிகள் மிகக் குறைவாக உள்ளதால், இதற்கு ஒதுக்கப்பட்டு வந்த நிதி அடுத்த ஆண்டிலிருந்து வேறு தடங்களுக்கு மாற்றப்பட இருக்கிறது. ஆகவே இந்த பஸ் நிறுத்தப்படும். இப்படிக்கு, வட்டாரப் போக்குவரத்து வாரியம்.

எள் விழ இடமில்லாமல் நின்றிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"குறைவாமா? அப்போ என் கால் மேல நிக்கறது யாரு?" என்று ஒரு குரல் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க, நான்தான்" என்றார் வாத்தியார்.

எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் அவளுடைய அக்காள். அக்காள் வீடு அதே தடத்தில், கடைசி நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில், சாலைக்கு எதிரேயே இருந்தது. அக்காளுக்கு இடுப்பு எலும்பு முறிந்து சேர்ந்தது, சரியாகச் சேரவில்லை. கோல் ஊன்றி வீட்டுக்குள் நடப்பாள், வாசல்வரை வருவாள். மற்ற நேரமெல்லாம் ஜன்னல் ஓரத்து நாற்காலியில்தான். தினமும் வேலை முடிந்து கண்டக்டரம்மா தன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இந்த பஸ்ஸில் இங்கே வந்துவிடுவாள். அக்காளைக் குளிப்பாட்டி, மறுநாள் மத்தியானத்துக்கும் சேர்த்துச் சமைத்து வைத்து, கொஞ்சம் திட்டு வாங்கிக்கொண்டு, திரும்பி வரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போவாள். அவள் கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், வாயையும் பெரும்பாலும் பூட்டியே வைத்திருப்பார். சாப்பாட்டைச் சுடவைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பஸ் நின்றுபோனால் இது நடக்காது. வேறு இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒரு பெரிய பாலத்தை நடந்து கடந்து வர வேண்டும். அப்படி வந்து சேரும் நேரத்துக்குத் திரும்பிப் போக பஸ் இருக்காது. அக்காள் மகன் வெளியூரில் இருந்தான். அறிவிப்பு ஒட்டின செய்தி அவன் காதுக்கு எட்டியதும் போன் செய்தான்.

"சித்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வர முடியலன்னா அம்மாவை அங்க தனியா விட்டு வைக்க என்னால முடியாது. பஸ் நின்ன மறு வாரமே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

அவனைக் குறை சொல்ல முடியாது. நல்ல பிள்ளை. அக்காளே அதைத்தான் சொன்னாள்.

"அவன் நல்லவன்தான்டி. அவன் பொண்டாட்டியும் நல்லவதான். காலையில ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. வீடு எங்கேயோ உச்சாணி மாடியில இருக்கு. ஜன்னலைத் திறந்தா ஆகாயம்தான் தெரியுது. ஆகாயத்தை எத்தனை நேரம்டி பார்க்கறது?"

இங்கே ஜன்னலைத் திறந்தால் பஸ் தெரியும். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அக்காளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குப் புரியவே இல்லை.

"அந்த டிரைவருக்குப் புத்தி இருக்கா இல்லையா? முன் கதவை தினமும் திறக்கறான். ஒரு ஈ, காக்கா ஏறறது இல்ல. திறந்து திறந்து மூடறான், வேலையத்தவன்."

"அது வயசானவங்களுக்குக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டரம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எந்தத் தடத்துக்கு எவ்வளவு நிதி என்பதை முடிவு செய்கிறவர்கள் வாரியத்தார்தான். ஒவ்வொரு தடத்துக்கும் அவர்கள் புள்ளி போடுவார்கள். புள்ளி குறைந்தால் நிதி போய்விடும், நிதி போனால் பஸ் போய்விடும். இது எல்லோருக்கும் தெரிந்தது. புள்ளியை எதை வைத்துப் போடுகிறார்கள் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. மாதம் ஒரு தடவை பொதுக்கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து மூன்று நிமிஷம் பேசலாம். மூன்று நிமிஷம் ஆனதும் ஒரு மணியை அடித்து உட்கார வைத்துவிடுவார்கள். காதைத் திறந்து வைத்திருக்கிற மாதிரி காட்டிக்கொள்வதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

முதல் கூட்டத்துக்குக் கண்டக்டரம்மா தனியாகத்தான் போனாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு, சலவைக்கூடத்து உருளையிலேயே தேய்த்த புடவை கட்டிக்கொண்டு போனாள். வாரிய அலுவலகத்தின் மேல் மாடியில் ஒரு நீளமான அறை. முன்னால் வாரியத்தார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எதிரே பொதுமக்களுக்கு நாற்காலிகள், கன்னாபின்னாவென்று போட்டிருந்தன. அங்கேதான் அவள் கோட்டை விட்டாள். பேச எழுந்தவளுக்கு நாற்காலிகள் கண்ணில் பட்டுவிட்டன. பின்னால் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று சொல்லி, எல்லோரையும் எழுப்பி, நாற்காலிகளை ஒழுங்காகப் போட வைத்துவிட்டு, "இப்போ சொல்றேன், எங்க பஸ்ஸு..." என்று ஆரம்பித்தாள். மணி அடித்துவிட்டது.

"நன்றிம்மா" என்றார் தலைவர். கொழுகொழுவென்று, யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். "உங்க கருத்து பதிவாயிடுச்சு."

"நான் இன்னும் கருத்தே சொல்லலையே."

"அதுவும் பதிவாயிடும்மா."

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் மாநாடு கூடியது. அவர்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கும் இடம் அது ஒன்றுதான் என்பதால், சங்கம் பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது எல்லாமே அந்த பஸ்ஸுக்குள்தான். ஊர்வலம் போகலாம் என்றார் ஒருவர். மறியல் செய்யலாம் என்றார் இன்னொருவர். மறியல் செய்தால் தன்னுடைய பஸ்தான் முதலில் நிற்கும் என்று ஓட்டுநர் முன்னாலிருந்து நினைவுபடுத்தினார்.

கண்டக்டரம்மாவுக்குச் சலவைக்கூடம் ஞாபகம் வந்தது. அங்கே விரிப்புகளின் எண்ணிக்கை வார்டுக் கணக்கோடு இடித்தால் யாரும் எடுத்த எடுப்பில் சண்டை போடமாட்டார்கள். 'எப்படி எண்ணினே?' என்றுதான் முதலில் கேட்பார்கள். மடிக்கும் முன்பா, மடித்த பிறகா, கிழிசலைச் சேர்த்தா, சேர்க்காமலா? பாதிச் சண்டை அந்தக் கேள்வியோடு தீர்ந்துவிடும்.

"நாம ஒண்ணும் திட்ட வேணாம், கெஞ்சவும் வேணாம்" என்றாள். "ஒரே ஒரு கேள்வி கேப்போம். எப்படி எண்ணினீங்க? அவ்வளவுதான். கேட்டுட்டு உக்காந்துடணும். பதில் வர்ற வரைக்கும் ஒவ்வொரு கூட்டத்துலயும் அதையே கேக்கணும்."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வாத்தியாருக்கு மட்டும் கேள்வி சின்னதாக இருக்கிறதே என்று வருத்தம்.

அடுத்த கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். நர்ஸ் எழுந்து, "எங்க பஸ்ல ஆளை எப்படி எண்ணினீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். கண்டக்டரம்மா எழுந்து அதையே கேட்டாள். இன்னும் நாலைந்து பேர் அதையே கேட்டார்கள். மூன்று நிமிஷத்தில் இரண்டே முக்கால் நிமிஷத்தை மிச்சம் வைத்து ஒருவர் உட்கார்ந்தால் வாரியத்தாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி அடிக்கிறவர் மணியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியாக வாத்தியார் எழுந்தார். சக்கரம் கண்டுபிடித்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். மாட்டு வண்டிக்கு வந்து சேருவதற்குள் மணி அடித்துவிட்டது.

"புள்ளி போடுறது உள் அலுவல் விஷயம்" என்றார் தலைவர். "அதை வெளியில சொல்ற வழக்கமில்ல."

"ஏன் இல்ல?" என்று கண்டக்டரம்மா கேட்டாள்.

தலைவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டார்கள். கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடந்தது. மேசையின் ஓரத்தில் திட்ட அதிகாரி என்று ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கேள்வி எழும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு குனிந்துகொள்வாள். கேள்வி எழுந்த மூன்றாவது கூட்டத்தில் அவள் குனியவில்லை. தலைவரிடம் சாய்ந்து ஏதோ சொன்னாள். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு, சரி என்று கையைக் காட்டினார்.

"இதுல ரகசியம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் அந்தப் பெண். "பாஸ் வெச்சிருக்கறவங்க எந்த பஸ்ல ஏறினாங்கன்னு எங்களுக்குத் தெரிய வழியில்ல. அதனால எல்லா பஸ்லயும் முன் கதவுக்கு மேல சின்னதா, கறுப்பா ஒரு கருவி வெச்சிருக்கோம். கதவு வழியா உள்ள வர்ற ஒவ்வொருத்தரையும் அது எண்ணும். வருஷம் பூரா எண்ணினதை வெச்சுத்தான் புள்ளி."

"பின் கதவுல?" என்று வாத்தியார் கேட்டார். அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னக் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"பின் கதவு இறங்கறதுக்குத்தானே சார். அங்க எதுக்குக் கருவி?"

வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முகத்திலும் ஈயாடவில்லை. யாரும் கண்டக்டரம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வருஷக்கணக்காக அந்தக் கருவி கண் கொட்டாமல் காத்திருந்திருக்கிறது. அதன் எதிரே ஒரு ஆளைக்கூட வரவிடாமல், தொண்டை வற்றக் கத்தி எல்லோரையும் பின்னால் விரட்டியது அவள்தான். பஸ்ஸைக் காலி பஸ்ஸாக ஆக்கியது வேறு யாருமில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பைகளெல்லாம் இருக்கையில் உட்கார்ந்திருந்தன. அவள் எதையும் மடிக்கு மாற்றச் சொல்லவில்லை.

வாத்தியார்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். "இப்போ என்ன மோசம் போச்சு? அவங்க கருவி சொல்றது பொய்னு பஸ்ல வந்து பார்க்கற எவனுக்கும் தெரியும். கருவி பழுதுன்னு சொல்லிடுவோம். நாளையிலிருந்து முன் கதவுல ஏறிடுவோம். நம்பர் ஏறும். பார்த்தீங்களா, இப்போ சரியாயிடுச்சுன்னுவோம். நாம எந்தக் கதவுல ஏறினோம்னு அவங்களுக்கு யாரு சொல்லப் போறா?"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஓட்டுநர்கூடத் தலையாட்டினார். நர்ஸ் கண்டக்டரம்மாவின் கையை அழுத்தி, "உங்க பேரே இதுல வராதுங்க" என்றாள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அது எங்கேயோ போய்க் குத்தியது.

அன்றைக்கு அக்காளுக்குத் தலை துவட்டிவிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தன்னால்தான் பஸ் போகிறது, தன்னால்தான் அக்காள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறாள் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அக்காள் அழவிடவில்லை.

"சரி, கருவி பழுதுன்னு சொல்லப் போறது யாரு?"

"நான்தான். சங்கத்துக்குத் தலைவி மாதிரி ஆயிட்டேனே."

"நீயா?" அக்காள் துண்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள். "உனக்குப் பொய் சொல்ல வருமாடி? சின்ன வயசுல சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிட்டு, எறும்பு தின்னுடுச்சுன்னு அம்மாகிட்ட சொன்னியே. மூக்கு நுனி தக்காளி மாதிரி ஆயிடுச்சு. எறும்புக்குப் பதிலா நீயே அடி வாங்கினே."

"நெஜத்தைச் சொன்னா, தப்பு உங்க மேலதானேன்னு முடிச்சுடுவாங்கக்கா. உன் பையன் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவான்."

"போனா போறேன். மாசக்கணக்கா அவங்களைப் போய், எப்படி எண்ணினே, எப்படி எண்ணினேன்னு குடைஞ்சே. அந்தப் பொண்ணு பாவம், உள்ளதைச் சொல்லிடுச்சு. இப்போ நாம எப்படி ஏறினோம்னு சொல்ல வேண்டிய முறை உன்னுது. நீ மென்னு முழுங்கினா அவ மூஞ்சியில எப்படி முழிப்பே?" பிறகு சற்று யோசித்து, "அது சரி, முன் கதவை எதுக்குடி இத்தனை வருஷம் யாரையும் தொடவிடாம வெச்சிருந்தே?" என்று கேட்டாள்.

"வயசானவங்களுக்குக்கா" என்றாள் கண்டக்டரம்மா. மூக்கு நுனி சிவந்ததா என்று அக்காள் பார்க்கும் முன், ஈரத் துண்டை உலர்த்தப் போய்விட்டாள்.

கடைசிக் கூட்டம், முடிவு எடுக்கும் கூட்டம். மற்ற தடங்களிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள், அவர்களுக்கும் அவரவர் பஸ் கவலை. நாற்காலிகள் பழையபடி கன்னாபின்னாவென்று கிடந்தன. கண்டக்டரம்மா அவற்றைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

"உங்க கருவியில பழுது ஒண்ணுமில்லீங்க" என்று ஆரம்பித்தாள். பின்னால் வாத்தியார் பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. "எங்க பஸ்ல முன் கதவுல யாரும் ஏறறதில்ல. ஏற விடறதில்ல. நான்தான் விடறதில்ல. எல்லாரையும் பின்னாடி ஏறச் சொல்லி ஒரு சட்டம் போட்டேன். எல்லாரும் மதிச்சு நடந்தாங்க. அதான் உங்க கருவிக்கு எங்களைத் தெரியல."

அறையில் சிரிப்பு கிளம்பியது. வாரியத்தாரும் சிரித்தார்கள். மணி அடிக்கிறவர்கூடச் சிரித்தார்.

"அப்படின்னா தப்பு உங்க பக்கம்தானேம்மா" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எதுக்கு அப்படி ஒரு சட்டம் போட்டீங்க?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. வயதானவர்களுக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல வரவில்லை.

"எங்க அக்காவுக்காக" என்றாள். "முன்ன அவ இதே பஸ்லதான் வருவா. ஒரு நாள் முன் கதவுல எல்லாரும் முண்டியடிச்சு ஏறினப்போ கீழ விழுந்துட்டா. இடுப்பு போச்சு. இனிமே பஸ்ஸே வேணாம்னுட்டா. அவ மறுபடி ஏறணும்னு நினைச்சா வழி காலியா இருக்கணும், பயம் இல்லாம இருக்கணும்னுதான் சட்டம் போட்டேன். அவ இன்னும் ஏறல. நான் இன்னும் காலியா வெச்சிருக்கேன். அவ்வளவுதாங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது, ஆனால் மணி அடிக்கிறவர் மணியைப் பார்க்கவே இல்லை.

"தப்பு என் மேலதான். ஆனா முழுசா என் மேல இல்லீங்க. எப்படி எண்ணறோம்னு அந்தக் கருவிக்குக் கீழ ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தா, அன்னைக்கே முன்னாடி ஏறியிருப்போம். நாங்க முதல் தடவை கேட்டப்பவே சொல்லியிருந்தாலும் போதும். உங்களுக்கும் நாங்க எப்படி ஏறறோம்னு தெரிஞ்சிருக்கும். யாரும் யாருக்கும் சொல்லாததால ஒரு பஸ்ஸு போகப் பார்த்துச்சு. எங்க பஸ்ஸு மட்டும்தான் இப்படியா?"

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். தொழிற்சாலைப் பக்கத்துத் தடத்தில் வருகிறவராம். "எங்க பஸ்ல முன் கதவு வருஷக்கணக்கா சிக்கிக்கிட்டே இருக்கு. பாதி நாள் டிரைவர் பின் கதவைத்தான் திறக்கறார்" என்றார். ஒரு பள்ளிக்கூட ஆயா எழுந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அகலமான பின் கதவில்தான் ஏற்றுவேன் என்றாள். சிரித்த வாரியத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்ட அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தாள். எழுதி முடித்துவிட்டுத் தலைவரிடம் கேட்டாள், எல்லோருக்கும் கேட்கும் குரலில்: "சார், இதை வெச்சு இன்னைக்கு நாம முடிவெடுக்கலாமா?"

தலைவர் பாட்டிலை எடுத்தார். காலி. "எடுக்க முடியாதுதான்" என்றார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வாரம் மறுபடி எண்ணினார்கள், இந்தத் தடம் மட்டுமல்ல, எல்லாத் தடங்களையும். புள்ளி எப்படிப் போடுகிறோம் என்று எழுதி ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒட்டினார்கள். வாத்தியார் அதில் இரண்டு பிழை கண்டுபிடித்துச் சிவப்பு மையால் திருத்தி வைத்தார். பின் கதவுக்கும் கருவி வந்தது. மத்தியான வேளையில் நிஜமாகவே கூட்டம் இல்லை என்று தெரிந்ததால் அந்த நேரத்து பஸ் ஒன்றைக் குறைத்தார்கள். அதற்கும் காரணத்தை எழுதியே குறைத்தார்கள். முணுமுணுத்தபடி எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சாயங்கால பஸ் பிழைத்தது. அக்காள் மகன், "அப்போ அம்மா அங்கேயே இருக்கட்டும் சித்தி" என்று போனில் சொன்னபோது, அவன் குரலிலும் ஒரு நிம்மதி இருந்தது.

ஆனால் சொல்ல வேண்டியது அந்த மறு எண்ணிக்கை வாரத்தின் கடைசி நாளைப் பற்றித்தான்.

அந்த வாரம் முழுக்க எல்லோரும் முன் கதவில் ஏறினார்கள். பழக்கமில்லாத வேலை. பாதிப்பேர் பின்னால் ஓடிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். வாத்தியார் முன்னால் ஏறி, நைசாகப் பின்னால் இறங்கி, மறுபடி முன்னால் ஏறப் பார்த்தார். கண்டக்டரம்மா கையும் களவுமாகப் பிடித்தாள். "ஒருத்தருக்கு ஒரு தடவைதான், வாத்தியாரே. படிச்சவர்தானே நீங்க?"

கடைசி நாள், அக்காள் வீட்டு நிறுத்தம் வந்தது. கண்டக்டரம்மா இறங்குவதற்காகப் பின் கதவுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. முன் கதவுதான் திறந்தது. ஓட்டுநர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

கீழே கோலை ஊன்றிக்கொண்டு அக்காள் நின்றிருந்தாள். பீரோவிலிருந்து எடுத்த மடிப்பு கலையாத புடவை கட்டியிருந்தாள். அவளுடைய கையை நர்ஸ் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பதை வீடு தேடிப் போய்ச் சொன்னது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"தள்ளிக்கோங்க, தள்ளிக்கோங்க" என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அக்காளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களாகவே ஒதுங்கினார்கள். அக்காள் முதல் படியில் கோலை வைத்தாள், பிறகு ஒரு காலை, பிறகு இன்னொரு காலை. ரொம்ப நேரம் ஆயிற்று. மேலே வந்ததும் நிமிர்ந்து அந்தக் கறுப்புக் கருவியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னை எண்ணிடுச்சா?"

"எண்ணிடுச்சும்மா" என்றார் ஓட்டுநர்.

"சத்தமே இல்லையே."

"சத்தம் போடாதும்மா. சத்தம் போடறதுக்குத்தான் உங்க தங்கச்சி இருக்காங்களே."

பஸ் முழுக்கச் சிரித்தது. அக்காள் முதல் இருக்கையில் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, பின்னால் திரும்பித் தங்கையைத் தேடினாள். கண்டக்டரம்மா கம்பியைப் பிடித்தபடி கண்ணீரைத் துடைக்காமல் நின்றிருந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

"இங்க வாடி. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு இதே பஸ்ல திரும்பி வருவோம். இத்தனை நாளா எனக்காக வழியைக் காலியா வெச்சிருந்தியாமே, பைத்தியக்காரி." அக்காள் பக்கத்து இடத்தைத் தட்டினாள். "வந்து உக்காரு. எத்தனை வருஷமா நின்னுட்டே வர்றே."

கண்டக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். களைத்தவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று தேடினாள். அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.